துப்பாக்கி மூக்கில் பச்சைப் பொட்டு!

துப்பாக்கிக்கும் பொட்டு வைப்பாங்க, தெரியுமோ?

பிஸ்டல் குழலோட நுனியில் ஒரு குட்டி மேடு இருக்கும். பெயர் 'ஃப்ரண்ட் சைட்'. குறி பார்க்கும்போது கண் கூர்ந்து பார்க்க வேண்டியது இலக்கை அல்ல, இந்த மேட்டை! ரெண்டையும் ஒரே சமயத்தில் தெளிவாகப் பார்க்க எந்தக் கண்ணாலும் ஆகாது. மேடோ பெரும்பாலும் கறுப்பு. நாற்பதைத் தாண்டிய கண்ணுக்குக் கேட்கவே வேண்டாம். அதனால்தான் வர்ணம். உள்ளே தோட்டா இல்லை என்று ரெண்டு தரம் பார்த்துவிட்டு, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, முதலில் வெள்ளை, அதன்மேல் பளிச் நிறம். வீட்டம்மாவின் நெயில் பாலிஷே போதும்!

என்ன நிறம்? சட்டென்று சிவப்பு என்பீர்கள். சாயங்காலம் ஏற்காடு ரோஜாத் தோட்டத்தில் நின்னு பாருங்க. வெளிச்சம் மங்க மங்க, முதலில் கறுத்துப் போவது சிவப்பு ரோஜாதான். இலையின் பச்சை அப்புறமும் தெரியும். செக் நாட்டு விஞ்ஞானி புர்கின்யே 19-ஆம் நூற்றாண்டிலேயே கவனித்தது இது. ஆகவே, மஞ்சள் கலந்த பச்சை!

ஆனா ஒண்ணு. சேர்வராயன் மலையில் பனிமூட்டம் இறங்கிட்டா, காபிச் செடிக்குள் அசைவது காட்டெருமையா (அதைச் சுட்டாலும் 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம்), பழம் பறிக்க வந்த அம்மாவா என்று பொட்டு சொல்லாது. துப்பாக்கி எந்தப் பக்கம் பார்க்குதுன்னு மட்டும்தான் சொல்லும். எதிரே யாருன்னு தெரியாதவரை, விரல் விசைப் பக்கமே போகக் கூடாது சார்!