அரைக்கட்டை என்ன விலை?

முத்தாபுதுப்பேட்டையில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கிளாரினெட் வாசித்தால் இரண்டு தரப்பிலிருந்து எதிர்ப்பு வரும். ஒன்று, தெருநாய்கள். இன்னொன்று, என் சம்சாரம். நாய்களாவது ஐந்து நிமிஷத்தில் பழகிக்கொள்ளும்!

நான் பி.காம். படித்துவிட்டு எழுதிப் பிழைக்கிறவன். நாலு வருஷத்துக்கு முன் 18,000 ரூபாய் கொடுத்து பிளாஸ்டிக் கிளாரினெட் ஒன்று வாங்கினேன். விமானப்படை முகாம் பக்கத்திலேயே இருப்பதில் ஒரு சௌகரியம்... ராணுவ பேண்டில் வாசித்து ரிட்டையர் ஆன பெரியவர் ஒருத்தர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். அவர்தான் குரு. ஃபீஸ்: ஒரு டிகிரி காபி.

போன வருஷம் அமெச்சூர் ஆர்க்கெஸ்ட்ரா ஒன்றில் இரண்டாவது கிளாரினெட் நாற்காலி காலி என்று கேள்விப்பட்டு, ஆவடியில் ரயில் ஏறிப் போய் உட்கார்ந்தேன். பீத்தோவனின் 7-வது சிம்பொனி. 1813-ல் வியன்னாவில் அரங்கேறியது. நோட்ஸைப் பிரித்தால் மேலே 'ஏ கிளாரினெட்' என்று போட்டிருந்தது. ஏதோ அச்சுப் பிழை என்று நினைத்து ஊதினேன்.

வயலின்காரர்கள் பதினாலு பேரும் ஒரே சமயத்தில் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையை நான் பத்தாம் கிளாஸ் கணக்கு வாத்தியாரிடம்தான் கடைசியாகப் பார்த்தது.

"உங்ககிட்ட ஏ கிளாரினெட் இல்லியா?" என்றார் கண்டக்டர். இல்லை என்றேன். "அப்ப ஒண்ணு ஏற்பாடு பண்ணிக்குங்க. இல்லேன்னா இந்த சீட்டுக்கு வேற ஆளைப் பாக்கணும்" என்றார், ரொம்ப மரியாதையாக.

ராத்திரி குருவிடம் போய் அழுதேன்.

"தம்பி, உங்கிட்ட இருக்கறது பி ஃப்ளாட். நம்ம கணக்குல ஆறரைக் கட்டை. அவங்க கேக்கறது ஏ. ஆறு கட்டை. அரைக்கட்டைதான் வித்தியாசம்" என்றார்.

"அரைக்கட்டைக்கா சார் இன்னொரு கிளாரினெட்?"

"நாகஸ்வரத்துல திமிரின்னும் பாரின்னும் ரெண்டு இருக்குல்ல? திமிரி குட்டை, சுருதி ஏத்தம். பாரி நீளம், சுருதி இறக்கம். அது மாதிரிதான் இதுவும். ஆனா ஒரு வித்தியாசம். கச்சேரியில தம்புராதான் வித்வானுக்குப் பணியும். ஆர்க்கெஸ்ட்ராவுல உனக்காக நாப்பது வயலின் பணியாது!"

நியாயம்தான். ஏ.கே.சி. நடராஜன் கிளாரினெட்டில் கர்நாடக சங்கீதம் வாசித்து 2008-ல் சங்கீத கலாநிதி வாங்கினார். 2022-ல் பத்மஸ்ரீ. நம் சங்கீதத்தில் வித்வானின் சுருதிதான் கச்சேரியின் சுருதி. பீத்தோவனின் 7-வது சிம்பொனியோ ஏ மேஜரில் இருக்கிறது. வயலினுக்கு அது வெல்லம். அதையே பி ஃப்ளாட் கிளாரினெட்டில் வாசித்தால் ஐந்து ஷார்ப் வந்து விரலைப் பின்னிவிடும். ஏ கிளாரினெட்டிலோ ஒரு ஷார்ப் கூடக் கிடையாது. மோட்சார்ட் 1791-ல் எழுதிய கிளாரினெட் கன்சர்ட்டோ, பிராம்ஸ் அதே ஆண்டு எண்கணக்கில் சரியாக நூறு வருஷம் கழித்து, 1891-ல் எழுதிய குவின்டெட்... எல்லாமே ஏ கிளாரினெட்டுக்கு எழுதியவைதான்.

"ஜாயின்ட்டைக் கொஞ்சம் வெளியே இழுத்து அட்ஜஸ்ட் பண்ணக் கூடாதா?" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். அரைக்கட்டை இறங்க ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் நீளம் கூட வேண்டும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் இழுக்கலாம். அதற்கு மேல் இழுத்தால் ஒரு ஸ்வரம் தெற்கே போகும், இன்னொன்று வடக்கே போகும்.

மனசுக்குள்ளேயே எல்லா ஸ்வரத்தையும் அரைக்கட்டை இறக்கி வாசிக்கலாம். பெரிய வித்வான்கள் செய்கிறார்கள். ஆனால் ஏ கிளாரினெட்டின் கடைசி அடி ஸ்வரம் பி ஃப்ளாட்டில் கிடையவே கிடையாது. இல்லாத ஸ்வரத்தை எந்த வித்வானும் வாசிக்க முடியாது!

சரி, வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன். ஒரு கடையில் போய், "ஏ கிளாரினெட் இருக்கா?" என்றேன்.

"ஏ-ஒன் குவாலிட்டியே இருக்கு சார்!"

"அது இல்லீங்க... ஏ."

"பி-யும் இருக்கு, ரேட் கம்மி."

சிரிக்காதீர்கள். கடைக்காரர் மேல் தப்பில்லை. பள்ளிக்கூட பேண்ட், கல்யாண பேண்ட், ராணுவ பேண்ட் எல்லோருக்கும் வேண்டியது பி ஃப்ளாட்தான். பேண்ட் வாத்தியங்களுக்குப் பேர்போன மீரட்டுக்குப் போனாலும் கதை இதுதான். ஏ வேண்டும் என்கிறவன் ஆர்க்கெஸ்ட்ராக்காரன் மட்டும். அவன் எப்படியும் உசத்தியானதைத்தான் வாங்குவான் என்று கம்பெனிகள், பெரும்பாலும் விலை உயர்ந்த மரத்தில்தான் ஏ செய்கின்றன. டிமாண்ட் கம்மி, சப்ளை அதைவிடக் கம்மி. பி.காம். முதல் வருஷப் பாடம். பெரிய பிரெஞ்சுக் கம்பெனியின் தொழில்முறைக் கருவி நாலு லட்சத்துக்குக் குறையாது. அந்தக் காசுக்கு எங்கள் தெருவில் இரண்டு பேர் பைக் வாங்கி, மீதியில் பெட்ரோலும் போடலாம்.

ஆக, சம்பளக்காரனுக்கு வழி ஒன்றுதான்... செகண்ட் ஹேண்ட். குருநாதர் சொல்லிக் கொடுத்த பஞ்ச சீலம் இதோ:

1. 'ஸி' என்று எழுதியிருக்கும் ஸ்வரத்தை ஊதுங்கள். செல்போனில் இலவசமாகக் கிடைக்கும் டியூனர் 'ஏ' காட்ட வேண்டும். 'பி ஃப்ளாட்' காட்டினால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

2. உடம்பில் 'ஹெச்.பி.' முத்திரை இருந்தால் தொடாதீர்கள். ஹை பிட்ச். பழைய பிரிட்டிஷ் காலத்துச் சுருதி. இன்றைய 440-க்கு பதில் 452 பக்கம் கத்தும். அழகாக இருக்கும், விலையும் கம்மி. ஷோகேஸில் வைக்கலாம்.

3. உங்கள் பி ஃப்ளாட் எந்த முறையோ அதே முறையில் வாங்குங்கள். ஒன்று போம், இன்னொன்று பழைய ஆல்பர்ட் என்றால் நடுக் கச்சேரியில் விரலுக்குப் பைத்தியம் பிடிக்கும்.

4. ஒரே மௌத்பீஸ் இரண்டுக்கும் பொருந்த வேண்டும். வாசிக்கும்போது ரீடோடு அப்படியே கழற்றி அடுத்ததில் செருகுவதற்குச் சில விநாடிகள்தான் கிடைக்கும். பூஸி அண்ட் ஹாக்ஸின் பழைய 1010 மாடலின் துளை அகலம். சாதாரண மௌத்பீஸ் ஒத்துவராது.

5. பேடும் கார்க்கும் போயிருந்தால் கவலை இல்லை, மாற்றிக்கொள்ளலாம். மரத்தில் விரிசல், அதுவும் துளையைத் தொட்டுக்கொண்டு இருந்தால் வேண்டவே வேண்டாம். ஏ.ஸி. ஹாலிலிருந்து ஆவடி வெயிலுக்கு வந்தால் அந்த விரிசலும் வளரும்.

சம்சாரத்தின் சித்தப்பா லண்டனில் இருக்கிறார். கல்யாணத்துக்கு அப்புறம் அவரிடம் நான் பேசிய முதல் விஷயமே இதுதான். ரிட்டையர் ஆன ஒரு வாத்தியாரிடம் பூஸி அண்ட் ஹாக்ஸ் 'எம்பரர்' ஒன்றைப் பிடித்தார். கம்பெனி அதைச் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டது. கருவி இன்னும் பேசுகிறது. கருவி 52,000. வரி, அனுப்பும் செலவு 15,000. பேட் மாற்ற 6,000. ஆக மொத்தம் 73,000 ரூபாய். பதினெட்டாயிரத்தில் ஆரம்பித்தது இப்படி!

"அரைக்கட்டைக்கு எழுபத்தி மூவாயிரமா? அப்ப முழுக்கட்டைக்கு?" என்றாள் சம்சாரம். அவள் எம்.காம்.

பதில் சொல்லவில்லை. ஆனால் ஒன்று நினைத்தேன். 2025 மார்ச் 8-ம் தேதி லண்டனில் இளையராஜாவின் 'வேலியன்ட்' சிம்பொனியை ராயல் ஃபில்ஹார்மோனிக் வாசித்தபோது, நாம் எல்லோரும் மார் தட்டினோம். அப்படி ஒரு சிம்பொனியை நம் ஊர்ப் பையன்கள் நம் ஊரிலேயே வாசிக்க வேண்டுமானால், மேதை மட்டும் போதாது. இரண்டாவது வரிசையில் சரியான கட்டையோடு ஒருத்தன் உட்கார்ந்திருக்கணும். நாற்காலி காலியாவது திறமை இல்லாமல் மட்டும் இல்லை சார், கருவி இல்லாமலும்தான்.

அடுத்த ரிகர்சலில் எம்பரரை எடுத்துச் செருகினேன். வாசித்தேன். ஒரு வயலினும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆர்க்கெஸ்ட்ராவில் இதற்குப் பெயர்தான் பாராட்டு.

வீட்டுக்கு வந்து சந்தோஷத்தில் மறுபடி ஒரு தடவை வாசித்தேன். தெருநாய்கள் ஊளையிட்டன. டியூனரை வைத்துப் பார்த்தேன்... ஆறு கட்டை. சுத்தமாக!