ஃபோர்க்லிஃப்ட் சார்ஜரில் எர்ரர் வந்தால் எங்கே பார்ப்பது?

திருநின்றவூரைத் தாண்டி சி.டி.எச். ரோட்டோரத்துக் கிடங்குகள், காக்களூர் சிட்கோ, வடக்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் என்று எங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓடுகிறதோ அங்கே ஒரு மூலையில் சார்ஜரும் நிற்கும். எர்ரர் காட்டுகிற வரைக்கும் அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. காட்டினால் முதல் வேலை ரீசெட் அமுக்குவது. மறுபடி வந்தால், "போர்டு போச்சு சார்." நடுவில் ஒரு மல்டிமீட்டரை எடுத்துப் பதினைந்து நிமிஷம் செலவழித்தால் பல சமயம் போர்டில் கோளாறே இல்லை என்று தெரிந்துவிடும். நான் இங்கே சொல்வது லெட்-ஆசிட் பேட்டரிக்கு. லித்தியம் வேற கதை.

எர்ரர் எண்ணுக்குப் பொதுவான அகராதி கிடையாது. ஒரு கம்பெனிக்கு 3 என்றால் சூடு, இன்னொரு கம்பெனிக்கு அதே 3 ஃபேஸ் இல்லை என்று இருக்கலாம். அதனால் மேனுவல் இல்லாமல் அர்த்தம் சொல்லக் கூடாது. ஆனால் எந்த சார்ஜராக இருந்தாலும் அதால் அளக்க முடிவது கொஞ்சம்தான்: வோல்டேஜ், கரண்ட், நேரம், வெப்பம், உள்ளே வருகிற மூன்று ஃபேஸ். இதில் ஒன்று எதிர்பார்த்தபடி இல்லை என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. ஏன் இல்லை என்பது சார்ஜருக்குத் தெரியாது.

பிளக் மாட்டியதும் சார்ஜ் ஆரம்பிக்காமல் "வோல்டேஜ் குறைவு" என்று வந்தால் ஒரு சின்னக் கணக்கு உதவும். ஓய்வில் இருக்கும் செல்லின் வோல்டேஜ் ஏறக்குறைய ஆசிட் கிராவிட்டியோடு 0.84 கூட்டினது. கிராவிட்டி 1.280 இருந்தால் 2.12 வோல்ட், 24 செல் கொண்ட 48 வோல்ட் பேட்டரிக்கு 50.9. நன்றாக இறங்கி 1.140-க்கு வந்தாலும் 47.5 இருக்கும். நாற்பதுக்கும் கீழே காட்டினால் ஏதோ நடந்திருக்கிறது. பொங்கல் லீவுக்குப் போகும்போது சாவியை ஆனில் விட்டுவிட்டுப் போன வண்டி இப்படித்தான் நிற்கும். சார்ஜர் அதை 36 வோல்ட் பேட்டரி என்று நினைத்து மறுக்கும். பக்கத்து வண்டி பேட்டரியிலிருந்து கேபிள் போட்டு சார்ஜரை ஏமாற்றும் பழக்கம் சில இடத்தில் உண்டு. வேண்டாம். பொறி பறக்கும், கேபிள் உருகும். மேனுவல் மோடில் குறைந்த கரண்டில், ஆள் பக்கத்தில் நின்று மெதுவாக ஏற்றுவதே சரி.

பேட்டரி டெர்மினலில் வோல்டேஜ் சரியாக இருந்து சார்ஜர் மட்டும் குறை சொன்னால் கனெக்டரைப் பாருங்க. சும்மா இருக்கும்போது அளந்தால் தேய்ந்த கனெக்டர்கூட முழு வோல்டேஜ் காட்டும். கரண்ட் ஓடும்போது அளக்கணும். 80 ஆம்பியர் ஓடுகிற இடத்தில் 10 மில்லி ஓம் தடை இருந்தால் 0.8 வோல்ட் அங்கேயே போய்விடும், 64 வாட் சூடு உண்டாகும். டிவி மெக்கானிக் கையில் இருக்கும் சால்டரிங் அயன் 25 வாட்தான். கனெக்டர் பிளாஸ்டிக் பழுப்பேறி இருப்பது ஏன் என்று இப்போது புரியும்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது "நேரம் கடந்தது" என்கிற எர்ரர். அதிகம் ரீசெட் செய்யப்படுவதும் இதுதான், காரணம் அது ஆபத்தாகவே தெரியாது. சார்ஜர் ஒரு செல்லுக்கு 2.4 வோல்ட் வீதம் மொத்தம் 57.6-க்குக் காத்திருக்கிறது. ஒரு செல் உள்ளே ஷார்ட் ஆகிக் கிடந்தால், மீதி 23 செல்லும் சேர்ந்து அந்த 57.6-ஐக் கொடுக்கணும். அதாவது ஆளுக்கு 2.5 வோல்ட். அது வருகிற வரை சார்ஜர் கரண்டைக் குறைக்காது. நல்ல செல்கள் கொதிக்கும், தண்ணீர் வற்றும், பேட்டரி சுடும். கடைசியில் டைமர்தான் நிறுத்துகிறது. நைட் ஷிப்டில் ரீசெட் அமுக்குபவர் அந்த டைமரைத் தோற்கடிக்கிறார். ஒரு செல் மாற்றி முடித்திருக்க வேண்டிய வேலை, லட்சங்களில் விலையுள்ள முழு பேட்டரியாக வந்து நிற்கும்.

கொதிக்கிற செல்லிலிருந்து வருவது ஹைட்ரஜன். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே பற்றிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரல் அடிக்குது என்று ஷட்டரை இறக்கிவிட்டு உள்ளே சார்ஜ் போடுவதும், ஸ்டாப் அமுக்காமல் பிளக்கைப் பிடுங்குவதும் ஒன்று சேர்ந்தால் என்ன ஆகும்? அங்கே நிற்பது பெரும்பாலும் கான்ட்ராக்ட் தொழிலாளிதான்.

சார்ஜருக்குத் தெரிவது மொத்தம் மட்டுமே என்பதால், சார்ஜ் முடியும் தறுவாயில் 24 செல்லையும் ஒவ்வொன்றாக அளந்து எழுதுங்க. 23 செல் 2.5-க்குப் பக்கத்தில் இருக்க ஒன்று மட்டும் 2-க்குக் கீழே கிடந்தால் அதுதான் ஆள். ஹைட்ரோமீட்டரும் அதையே சொல்லும்.

வெப்ப எர்ரரில் இரண்டு வகை: சார்ஜரின் சூடு, பேட்டரியின் சூடு. எது என்று மேனுவலில் பாருங்க. கும்மிடிப்பூண்டிப் பக்கம் இரும்பு உருக்கும் ஆலைகள் இருப்பதால் ஃபேனிலும் ஹீட் சிங்க்கிலும் இரும்புத் தூசி படியும். அது மின்சாரத்தைக் கடத்தவும் செய்யும், ஆகவே மெயினை அணைத்துவிட்டுத்தான் சுத்தம். பேட்டரி சூடு என்றால் அக்னி நட்சத்திரத்தை நினைத்துக்கொள்ளுங்க. 27 டிகிரிக்குச் சரியான வோல்டேஜ் 45 டிகிரி ஆசிட்டுக்கு அதிகம். டிகிரிக்கு, செல்லுக்கு 4 முதல் 5 மில்லிவோல்ட் குறைக்கணும். 24 செல்லுக்குக் கிட்டத்தட்ட 2 வோல்ட் வரும். வெப்பத்தைப் பார்த்துத் திருத்திக்கொள்ளாத பழைய சார்ஜர் மே மாதத்தில் ஓவர் சார்ஜ்தான் செய்யும். ஷிப்ட் முடிந்து வந்த வண்டியை உடனே மாட்டாமல் ஆற விட்டாலே பாதி குறையும்.

ஃபேஸ் எர்ரருக்கு டெஸ்டரை நம்பாதீங்க. ஒரு ஃபேஸ் போனாலும், ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் வழியாக அந்த ஒயரில் திரும்பி வோல்டேஜ் வரும், டெஸ்டர் எரியும். ஆர்-ஒய், ஒய்-பி, பி-ஆர் மூன்றையும் மீட்டரில் அளங்க. மூன்றும் 415-ஐ ஒட்டி இருக்கணும்.

இதெல்லாம் பார்த்தும் சரியாகவில்லை என்றால் சர்வீஸுக்குப் போன் போடலாம். போடும்போது எர்ரர் எண், அது சார்ஜ் ஆரம்பித்து எத்தனை மணி நேரத்தில் வந்தது, அப்போதைய வோல்டேஜ், கரண்ட், 24 செல் ரீடிங் எல்லாம் கையில் இருக்கட்டும். கடைசியாக எப்போது டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றினீர்கள் என்று அவர் கேட்பார். சார்ஜுக்கு முன்னால் நிறைய ஊற்றியிருந்தால் ஆசிட் பொங்கி வழிந்திருக்கும், கிராவிட்டி ரீடிங்கும் தப்பாக இருக்கும். தண்ணீர் சார்ஜ் முடிந்த பிறகுதான்.