தோட்டத்துக் குடில்

நம் இல்லங்களில் முதியோரின் புயத்திலே வட்டமான தழும்பொன்றைக் கண்டிருப்போம். அது பெரியம்மைக்காக அம்மை குத்திய தழும்பு. அத்தழும்பின் வரலாறு பிறந்த இல்லம், இங்கிலாந்தின் குளோஸ்டர்ஷயர் பகுதியிலுள்ள பெர்க்லி என்னும் சிற்றூரில், ஆலயத்தின் அருகே நிற்கிறது. சான்ட்ரி என்பது அதன் பெயர். மருத்துவர் எட்வர்டு ஜென்னர் 1785-இல் அதனை விலைக்கு வாங்கினார். 1823-இல் அங்கேயே உயிர்நீத்தார்.

உள்ளே சென்று, அவர் எழுதிய அறையையும் வாழ்ந்த கூடங்களையும் காண்கிறோம். எனினும் நம் உள்ளத்தைத் தொடுவது தோட்டத்துக் குடில்தான். கரடுமுரடான மரமும் கல்லும் கொண்டு எழுப்பிய அச்சிறு குடிலிலேதான் அவர் ஏழைகளுக்கு இலவசமாக அம்மை குத்தினார். பசுக்களிடமிருந்து மாட்டம்மை தொற்றிய பால்காரப் பெண்களைப் பெரியம்மை தீண்டுவதில்லை என்பது நாட்டுப்புற நம்பிக்கை. அதனைச் சோதித்தறிய அவர் முனைந்தார். 1796 மே 14-ஆம் நாள் சாரா நெல்ம்ஸ் என்னும் பெண்ணின் கைக் கொப்புளத்திலிருந்து நீர் எடுத்து, தம் தோட்டக்காரரின் எட்டு வயது மகன் ஜேம்ஸ் பிப்ஸுக்குச் செலுத்தினார். ஜூலையில் பெரியம்மைச் சீழையே செலுத்தினார், நோய் பற்றவில்லை.

ஏழைச் சிறுவனொருவனை இவ்வாறு சோதிப்பதை இன்றைய மருத்துவ அறநெறி ஏற்காது. இதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும் ஜென்னர் அவனை மறந்துவிடவில்லை. அவன் வளர்ந்து குடும்பத்தோடு வாழ, பெர்க்லியிலேயே வாடகையின்றி ஒரு வீட்டை அளித்தார். ஜென்னரின் நினைவு அருங்காட்சியகம் முதன்முதலில் இயங்கியது அந்த எளிய வீட்டிலேதான். 1980-களில்தான் அது சான்ட்ரி இல்லத்திற்கு மாறியது.

கண்டறிந்ததை இரகசியமாக வைத்திருந்தால் அவர் பெருஞ்செல்வம் ஈட்டியிருக்கலாம். அவரோ 1798-இல் அனைத்தையும் நூலாக வெளியிட்டு உலகறியச் செய்தார். 1802-இல் அம்மை குத்தும் முறை பம்பாயை எட்டியது. 1980 மே மாதத்தில், பெரியம்மை உலகினின்றே ஒழிந்தது என உலக சுகாதார மன்றம் அறிவித்தது.

இல்லத்தை விட்டு வெளியேறி ஆலயத்துள் நுழைகிறோம். அவருடைய தந்தை குருவாகப் பணியாற்றிய ஆலயம் இது. மகனின் கல்லறையும் இங்கேயே உள்ளது. பெரிய மாளிகைகள் பல நம் நினைவினின்று மறையலாம்; ஏழைகளுக்காகக் கதவு திறந்திருந்த இச்சிறு குடில் மறையாது. நம் வீட்டிலும் அயலாருக்காகத் திறந்த கதவொன்று உண்டா? நம் பிள்ளைகளோடு அமர்ந்து எண்ணிப் பார்ப்போம்.