கலப்பு ரொக்கெட்டும் உழைப்பவர் உயிரும்

புத்தளம் என்னும் பெயரைப் ‘புதிய அளம்’ எனப் பிரித்துப் பொருள் கூறுவர். அளம் என்பது உப்பு விளையும் களம். களப்போரத்தில் வெயிலில் உப்பு வாரும் தொழிலாளிக்கும் விண்வெளிப் பயணத்துக்கும் யாது தொடர்பு என்று வினவலாம். உப்புக் கரைசலை மின்பகுப்புக்கு உட்படுத்திக் குளோரேற்றும், அதிலிருந்து பேர்குளோரேற்றும் பெறுகின்றனர். இவ்வழியில் ஆக்கப்படும் அமோனியம் பேர்குளோரேற்றே இன்றுள்ள பெரிய திண்ம ரொக்கெட்டுகள் பெரும்பாலானவற்றில் ஒட்சியேற்றியாக விளங்குகின்றது. புத்தளத்து உப்பு அங்குச் செல்கின்றது என்பதன்று எமது கருத்து. எளிய பொருளொன்று மனித உழைப்பினால் அடையும் உருமாற்றமும், அவ்வுழைப்பில் மறைந்துள்ள ஆபத்துமே நாம் நோக்குவன.

திண்ம ரொக்கெட்டில் எரிபொருளும் ஒட்சியேற்றியும் முன்னரே கலந்து இறுக்கப்பட்டிருக்கும். எனவே ஆலையிலும் களஞ்சியத்திலும் அது வெடிக்கக்கூடிய பொருளே. 1988இல் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் அமோனியம் பேர்குளோரேற்று ஆலையொன்று வெடித்து இருவர் மாண்டனர். 2004 பெப்ரவரியில் சிறீஹரிக்கோட்டாவின் திண்ம எரிபொருட் பகுதியில் நேர்ந்த விபத்து அறுவர் உயிரைக் கொண்டது. திரவ ரொக்கெட்டில் இரண்டும் வேறுவேறு தாங்கிகளில் இருப்பினும், குழாய்களும் பம்பிகளும் இரட்டிப்பாகின்றன, செலவும் பெருகுகின்றது.

கலப்பு ரொக்கெட் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. எரிபொருள் பெரும்பாலும் செயற்கை இறப்பர் போன்ற திண்மம். ஒட்சியேற்றி திரவம் அல்லது வாயு. இதன் சிறப்புகள் மூன்று. முதலாவது, இறப்பர் தனித்து வெடிப்பதில்லை. அதனை வார்ப்பவரும் ஏற்றிச் செல்பவரும் வெடிமருந்தைக் கையாள வேண்டியதில்லை. திண்ம ரொக்கெட்டில் ஒரு வெடிப்புக்கீறல் எரிபரப்பைப் பெருக்கி அழுத்தத்தை மிகுவிக்கும். இங்கோ ஒட்சியேற்றி பாயும் அளவே எரிதலைப் பெரிதும் நிர்ணயிப்பதால் அவ்வாபத்துக் குறைவு. இரண்டாவது, வால்வைத் திருகி உந்துவிசையைக் கூட்டலாம், குறைக்கலாம், நிறுத்தலாம். மூன்றாவது, பேர்குளோரேற்று இன்மையால் புகையில் ஐதரசன் குளோரைட்டு அமிலம் வெளிப்படுவதில்லை.

இக்கருத்துப் புதியதன்று. 1933 ஓகஸ்ட் 17இல் சோவியத் பொறியியலாளர் மொஸ்கோவுக்கு அருகே ஏவிய ‘கிர்ட்-09’, திரவ ஒட்சிசனையும் கெட்டியாக்கிய பெற்றோலையும் கொண்டு ஏறத்தாழ 400 மீற்றர் உயர்ந்தது. தமிழகத்து மகேந்திரகிரியில் 2022 செப்ரெம்பர் 20இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 30 கிலோநியூட்டன் கலப்பு இயந்திரமொன்றை 15 செக்கன் எரித்துப் பரிசோதித்தது. 2023 பெப்ரவரி 19இல் செங்கல்பட்டு மாவட்டத்துப் பட்டிபுலத்திலிருந்து, பள்ளி மாணவர் ஆக்கிய 150 சிறு செய்மதிகளைச் சுமந்து கலப்பு ரொக்கெட் ஒன்று எழுந்தது.

ஆயினும் இதன் குறைகளையும் மறைத்தலாகாது. எரிபொருள் மெதுவாகவே எரிகின்றது. எரிய எரியக் கலவை விகிதமும் மாறுபடுகின்றது. பெரிய ரொக்கெட்டுகளில் இது இன்னும் இடம்பெறாமைக்கு இவையே முக்கிய காரணங்கள். மேலும், 2007இல் கலிபோர்னியாவின் மொஹாவியில் இத்தகைய இயந்திரத்துக்கான நைதரசு ஒட்சைட்டுப் பரிசோதனையின்போது தாங்கி வெடித்து மூவர் இறந்தனர். அன்று இயந்திரம் எரியூட்டப்படவுமில்லை.

ஆகவே, ‘பாதுகாப்பானது’ என்னும் சொல்லை நாம் எச்சரிக்கையுடனேயே ஆளவேண்டும். ஆபத்தைக் குறைக்கும் வாய்ப்பை விஞ்ஞானம் வழங்குகின்றது. அவ்வாய்ப்பு ஆலைத்தளத்தில் நிற்பவரைச் சென்றடைகின்றதா என்பதை உற்பத்தி உறவுகளே தீர்மானிக்கின்றன. ரொக்கெட் எட்டிய உயரத்தோடு, அதனை ஆக்கியவர் மாலையில் நலமே வீடு திரும்பினரா என்பதும் அதன் மேன்மையை அளக்கும் கோலாதல் வேண்டும்.