இறுதிக்காலக் காட்சிகள்: அச்சத்திற்கா, ஆறுதலுக்கா?



2025-ஆம் ஆண்டு நவம்பர் 28-ஆம் நாள், வெள்ளிக்கிழமை. 'டித்வா' புயல் இலங்கைத் தீவை உலுக்கிய நாள். அப்புயலினால் நாடெங்கும் 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மண்சரிவுகள் மலையகத்தைச் சிதைத்தன. மாவட்டங்களுள் கண்டியிலேயே உயிரிழப்பு மிக அதிகம். அதே வெள்ளிக்கிழமைத் திருப்பலிக்குத் திருச்சபை குறித்திருந்த முதல் வாசகம் எது? வானத்தின் நான்கு காற்றுகளும் பெருங்கடலைக் கொந்தளிக்கச் செய்ய, அதனின்று நான்கு கொடிய விலங்குகள் மேலெழுவதைத் தானியேல் கண்ட காட்சியே அது (தானி 7:2-14).

இதனை அறியும் எவருக்கும் உள்ளம் ஒரு கணம் நடுங்கும். 'இது உலக முடிவின் அடையாளமோ?' என்னும் வினா எழும். உறவுகளை மண்ணுக்குள் பறிகொடுத்த குடும்பத்திற்கோ இது வெறும் வாதப் பொருளன்று. 'கடவுள் எங்களைத் தண்டித்துவிட்டாரா?' என்பதே அவர்களது உள்ளத்தின் கேள்வி. அதற்குத் தெளிவான விடை கூறுவது நம் கடமையாகும்.

முதலாவதாக, அவ்வாசகம் புயலுக்கெனத் தெரிவு செய்யப்பட்டதன்று. 1969-இல் வெளியான வாசக ஒழுங்கின்படி, ஒற்றைப்படை ஆண்டுகளில் பொதுக்காலத்தின் 34-ஆம் வார வெள்ளிக்கிழமைக்கு உரிய பகுதி அது. 2021-இலும் 2023-இலும் அதுவே அவ்வாரத்திற்குரிய வாசகமாக இருந்தது.

இரண்டாவதாக, தானியேலின் விலங்குகள் புயலையோ மண்சரிவையோ குறிப்பவை அல்ல. அவை மண்ணுலகில் எழும் அரசர்களைக் குறிக்கின்றன என்று அதே அதிகாரம் விளக்குகிறது (7:17). கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் நான்காம் அந்தியோக்கு மன்னன் யூதரின் வழிபாட்டைத் தடைசெய்து அவர்களை வதைத்த காலமே இக்காட்சியின் பின்னணி என்பது விவிலிய அறிஞர் பலரின் கருத்து. காட்சியும் விலங்குகளோடு முடிந்துவிடவில்லை. மானிட மகனைப் போன்ற ஒருவருக்கு அழியாத ஆட்சி அளிக்கப்படுகிறது. கொடியோரின் ஆட்சி நிலைக்காது, இறுதிச் சொல் இறைவனுடையதே என்பதுதான் அதன் செய்தி.

திருவெளிப்பாட்டு நூலும் இவ்வாறே. பத்மு தீவிலிருந்த யோவான் சின்ன ஆசியாவின் ஏழு திருச்சபைகளுக்கு எழுதிய ஆறுதல் மடல் அது. தானியேலின் நான்கு விலங்குகளையும் அவர் ஒரே விலங்காக இணைத்துக் காட்டுகிறார் (திவெ 13:1-2). அம்மக்களை நசுக்கிய உரோமைப் பேரரசின் உருவகமே அது. அதன் எண் 666. தமிழில் 'க' ஒன்றையும் 'உ' இரண்டையும் குறிப்பது போல், எபிரேயத்திலும் எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. 'நீரோ சீசர்' என்னும் பெயரை எபிரேய எழுத்துகளில் எழுதிக் கூட்டினால் 666 வரும். அன்றைய வாசகருக்கு விளங்கிய குறிப்பை இன்றைய அட்டை எண்களிலும் வணிகக் குறியீடுகளிலும் தேடி அஞ்சுவது பொருந்தாது.

அந்நூலின் நான்கு குதிரைகளும் மனிதகுலம் என்றும் அறிந்த துயரங்களே (திவெ 6:1-8). கறுப்புக் குதிரையில் வருபவன் கையில் தராசு இருக்கிறது. ஒரு தெனாரியத்திற்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் கோதுமை என விலை கூறப்படுகிறது. ஒரு தெனாரியம் என்பது கூலியாளின் ஒருநாள் ஊதியம். முழுநாள் உழைப்பும் ஒரு வேளைச் சோற்றுக்கே போதாத நிலையைத் தோட்டப்புறக் குடும்பங்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

நாளையும் வேளையையும் குறிப்போரைக் குறித்துத் திருச்சபை நம்மை எச்சரிக்கிறது. அந்நாள் தந்தைக்கு மட்டுமே தெரியும் என்றார் ஆண்டவர் (மத் 24:36). கிறிஸ்து இவ்வுலகிலேயே ஆயிரம் ஆண்டு அரசாள்வார் என்னும் கருத்தைக் கத்தோலிக்க மறைக்கல்வி நூல் (எண் 676) ஏற்பதில்லை. புனித அகுஸ்தீனாரும் அவ்வாயிரம் ஆண்டைத் திருச்சபையின் காலமாகவே விளக்கினார்.

'தண்டனையா?' என்னும் வினாவுக்கு ஆண்டவரே விடையளித்துள்ளார். சீலோவாமில் கோபுரம் சரிந்து 18 பேர் மாண்டபோது, அவர்கள் எருசலேமில் வாழ்ந்த மற்றெல்லாரையும் விடக் குற்றவாளிகள் அல்லர் என உறுதியாகக் கூறினார். எஞ்சியிருப்போரையே மனமாற்றத்திற்கு அழைத்தார் (லூக் 13:4-5). மலை சரிந்து மாண்டவர்களைப் பற்றி வேறு தீர்ப்புக் கூற நாம் யார்?

இவ்வழைப்புக்குச் செவிகொடுப்பது எப்படி என்பதற்குக் கண்டி மாநகரிலேயே ஒரு முன்மாதிரி உண்டு. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில் மாறுவேடத்தில் யாழ்ப்பாணம் வந்தவர் புனித யோசப் வாஸ். 1692-இல் கண்டிக்கு வந்தபோது ஒற்றர் என ஐயுற்றுச் சிறைவைக்கப்பட்டார். 1697-இல் நகரைப் பெரியம்மை தாக்கியது. மன்னரும் மக்களும் வெளியேறினர். நோயாளிகள் காட்டில் கைவிடப்பட்டனர். அடிகளாரும் அருட்தந்தை யோசப் கர்வாலோவும் அவர்களைத் தேடிச் சென்றனர், குடிசை அமைத்தனர், புண்களைக் கழுவினர், உணவூட்டினர், இறந்தோரை அடக்கம் செய்தனர். நோயாளி எச்சமயத்தவர் என அவர்கள் பார்க்கவில்லை. சாவின் குதிரை கண்டி வீதிகளில் ஓடியபோது, அதன் பின்னே இரக்கமும் நடந்து சென்றது. 1711 ஜனவரி 16-இல் அடிகளார் கண்டியிலேயே இறைவனடி சேர்ந்தார். 2015 ஜனவரி 14-இல் திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார்.

ஆகவே அன்பர்களே, இவ்வாரம் குடும்பமாக அமர்ந்து திருவெளிப்பாட்டின் 21-ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். கண்ணீரைத் துடைக்கும் கடவுளோடு அந்நூல் நிறைவை நெருங்குகிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். 'உலகம் அழியப்போகிறதா?' என்று குழந்தை கேட்டால், 'வருகிறவர் நமக்காக உயிர் தந்த இயேசுவே' என்று சொல்லுங்கள். வீடிழந்த குடும்பம் உங்கள் பங்கில் இருந்தால், அவர்களிடம் அடையாளங்களைப் பற்றிப் பேச வேண்டாம். பிள்ளைகளின் பள்ளிக்கொப்பிகளுக்கும் அடுத்த மாத வாடகைக்கும் வழியுண்டா எனக் கேளுங்கள். ஆண்டவரின் வருகைக்கு விழிப்பாயிருத்தல் என்பது இதுவே.

புனித யோசப் வாஸே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.