கல்வெட்டு போல்டரைத் தொடாதே

மட்டக்களப்பு கல்லடிப் பாலத்துக்குக் கிட்ட போட்டோக் கொப்பிக் கடை வைத்திருப்பவனுக்கு ஹாட் டிஸ்க் நிறைவது புதினமில்லை. அடையாள அட்டை ஸ்கேன், சுயவிபரக்கோவை, யாரோ பென்டிரைவில் கொண்டுவந்த கல்யாணப் படம் எல்லாம் சேர்ந்து கிடக்கும். விண்டோஸ் 10இல் வந்த ஸ்டோரேஜ் சென்ஸ் தற்காலிக பைல்களைத் தானே துடைக்கும். ஆனால் 'இந்த போல்டரை மட்டும் விட்டுவிடு' என்று அதற்குச் சொல்ல வழியில்லை.

எனக்கு வேண்டியது அதுதான். செத்தவீட்டு 31ஆம் நாளுக்கு அடிக்கிற கல்வெட்டு என்ற நினைவு மலர்களுக்கு ஒரு போல்டர் இருக்கிறது. வருஷம் திரும்பினால், "மனே, அப்பாட திவசம் வருகுது, அந்தப் படம் கிடக்கா?" என்று வந்து நிற்பார்கள். 2004 டிசம்பர் 26 சுனாமியில் அல்பத்தோடு வீடே போனவர்கள் கல்லடி, நாவலடிப் பக்கம் நிறையப் பேர். பழைய அடையாள அட்டையில் இருந்து பெருப்பித்து எடுத்ததுதான் சிலருக்கு இருக்கிற ஒரே படம்.

இதற்கு விண்டோஸோடேயே வருகிற ரோபோகொப்பி கட்டளை போதும். 'மின்ஏஜ் 30' என்றால் 30 நாளுக்குள் திருத்தியதைத் தொடாது. 'எக்ஸ்டி' என்று போட்டுப் பெயர் எழுதிய போல்டருக்குள் நுழையாது. 'மூவ்' அழிக்காமல் வேறு டிஸ்க்குக்கு நகர்த்தும். 'எல்' சேர்த்தால் பட்டியல் மட்டும் காட்டும். முதலில் அதை ஓட்டிப் பார்க்காமல் யாரும் தொடங்கவேண்டாம். டாஸ்க் ஷெட்யூலரில் இரவுக்குக் கொடுத்துவிடலாம். கரண்ட் போய் நேரம் தப்பினால், வந்த பிறகு ஓடவும் அதில் ஒரு தெரிவு உண்டு.

பிசகுவது திகதியில். இது பார்ப்பது பைலைக் கடைசியாகத் திருத்திய நாளை. பென்டிரைவில் இருந்து நேற்று இறக்கிய 2009ஆம் ஆண்டுப் படத்தில் 2009 என்றே நிற்கும்; நேற்று வந்த வேலைதான் முதலில் கிளம்பும்! அதனால் நடக்கிற வேலைகளின் போல்டரும் எக்ஸ்டி பட்டியலில் இருக்கவேண்டும்.

லினக்ஸ் பாவிக்கிற தம்பிமாருக்கு ஒன்று. 'ஃபைண்ட்' கட்டளையில் 'புரூன்' போட்டு போல்டரை விலக்கி, அதே வரியில் 'டிலீட்' போட்டால் ஒத்துவராது. புரூன் வாசலில் மறிப்பது, டிலீட்டோ உள்ளேயிருந்து அழித்துக்கொண்டு வெளியே வருவது. 'நொட் பாத்' போட்டு விலக்குங்கள்.

அடையாள அட்டை ஸ்கேன்களுக்கு மட்டும் 30 நாள் தவணை கிடையாது. தேவை முடிந்த தனிப்பட்ட தரவை வைத்திருக்காதே என்றுதான் இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. அந்த போல்டர் கடை பூட்டமுன் அன்றன்றைக்கே காலியாகிவிடும், ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாமல்.