உங்களுக்குத் தெரியுமா? தொண்ணூறு வயது தாண்டிய அலுவலகப் பயணம்

காலையில் தாம்பரத்தில் மின்சார ரயிலைப் பிடித்து, பல்லாவரம், கிண்டி, மாம்பலம் என்று கடந்து, பூங்காவிலோ கோட்டையிலோ கடற்கரையிலோ இறங்கி அலுவலகத்துக்கு விரைவது சென்னைக்காரர்களுக்கு இன்று நேற்று வந்த பழக்கமல்ல. ஏறக்குறைய 30 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தத் தடத்தில் மின்ரயில் ஓடத் தொடங்கிய ஆண்டு 1931. தென்னிந்தியாவின் முதல் மின்ரயில் இதுவே. அப்போது மீட்டர் கேஜ். அந்த வண்டிகள் 2004-இல் விடைபெற்றன.

வேலை பாரிமுனையில் இருந்தாலும் குரோம்பேட்டையில் மனை வாங்கலாம் என்ற துணிச்சலை நடுத்தரக் குடும்பங்களுக்குக் கொடுத்தது இந்த வண்டிதான் என்பது என் எண்ணம். சட்டைப்பையில் சீசன் டிக்கெட் இருந்தால் போதும், மாதம் முழுக்கக் கவலையில்லை. மகளிர் பெட்டியில் பூக் கட்டியபடியே வீடு திரும்பும் பெண்களை மாலை வண்டிகளில் பார்க்கலாம்.